பாயும் பாத்திரமும்

தென் தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் தவக்காலத்து வெள்ளிக்கிழமைக்கு மீன் வாங்கக் கிளம்பினால், கால் தன்னால் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் திரும்பும். அரவிந்தர் சாலையில் தில்லி ஹாட்டுக்கு எதிரே உள்ள அந்தச் சந்தையில் முருங்கைக்காயும் நேந்திரம்பழமும் மரவள்ளிக்கிழங்கும் ஒரு பக்கம், தூதரக வீடுகளுக்குப் போகும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் இன்னொரு பக்கம். மீன் சந்தில் தரை எப்போதும் ஈரம். ஐஸ் மேல் கிடத்திய வஞ்சிரத்தைக் கடைக்காரர் சுர்மை என்று விலை சொல்வார். துண்டு போட்டுத் தலையைத் தனியே பொட்டலம் கட்டித் தருவார். திருச்சபைச் சட்டப்படி அன்று இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. ஆக, கோழிக் குழம்பு வைக்கும் வீட்டில் அன்று கோழியைவிட விலை கூடிய வஞ்சிரக் குழம்பு கொதிக்கும். நம் தாத்தா பாட்டி சுத்தபோசனம் என்று சொன்ன ஒறுத்தல் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிவிட்டது. நாக்கு எதையும் இழக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எதையும் பெறவில்லை. இதை வெற்றுச் சடங்கு என்று சொல்வது எளிது. எதனால் அது வெற்றாகிறது என்று சொல்வதுதான் கடினம். தமிழ்த் திருச்சபைகளின் வழிபாட்டு மரபுகளை வரிசையாகப் பார்க்கும் இந்தக் கட்டுரை அந்தக் கடினமான கேள்வியைப் பற்றியது.

வழக்கமான பதில் ஒன்று உண்டு: உள்ளம் இல்லாத வெளிச்செயல்தான் வெற்றுச் சடங்கு, உள்ளம் உருகினால் அது மெய்யான ஆராதனை. பிரசங்க பீடத்திலிருந்து இது ஆண்டுதோறும் வருகிறது, கேட்பவர்களும் ஆமென் சொல்கிறோம். ஆனால் நானூறு ஆண்டுக்கும் மேலான தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்தால் கணக்கு உதைக்கிறது. கத்தோலிக்கப் பூசை வெற்று என்று சொல்லி லுத்தரன் வந்தார். லுத்தரன் ஆராதனை குளிர்ந்துபோயிற்று என்று எழுப்புதல்காரர் வந்தார். எழுப்புதலும் ஆறிப்போனது என்று பெந்தெகொஸ்தே சபை வந்தது. ஒவ்வொருவரும் முந்தையவரிடம் குறையாகக் கண்டது உள்ளத்தை. ஒவ்வொருவரும் வேறொரு வடிவத்தையே கொண்டுவந்தார்கள். அந்த வடிவமும் இரண்டு தலைமுறையில் பழக்கமாகிப்போனது. அதைவிடச் சங்கடமானது இன்னொன்று. உள்ளம் உருகியவர்களே, அதில் யாரும் ஐயப்பட முடியாதவர்களே, ஆலயத்துக்குள் மிகப் பெரிய அநீதிக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். அதனால் உருக்கம் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. சடங்கு நம்மை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறது, யாருக்கு முன்னால் யாருக்குப் பின்னால் நிறுத்துகிறது, எந்த வாசலைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பதே வேதம் தரும் அளவுகோல் என்பது என் வாதம்.

வேதத்திலிருந்தே தொடங்கலாம். பலியும் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு அருவருப்பு என்று ஏசாயாவும் ஆமோசும் சொன்னதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த அருவருப்புக்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். ஆமோசின் புகார், பாடியவர்கள் கவனமில்லாமல் பாடினார்கள் என்பதல்ல; நகர வாசலில் ஏழையின் வழக்கைப் புரட்டினார்கள் என்பது. ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் உபவாசம் இருக்கிறவர்கள் உண்மையிலேயே பசித்திருக்கிறார்கள், சாம்பலில் உட்காருகிறார்கள், கடவுளைத் தேடவும் விரும்புகிறார்கள். குற்றம் என்னவென்றால், அதே நாளில் தங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறார்கள். இதே ஏசாயா தேவதரிசனம் பெற்றது புகை நிறைந்த ஆலயத்தில்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆலயத்தை இடிக்கச் சொன்னவர் அல்லர் அவர். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் படம் இன்னும் நெருங்கி வருகிறது. யாக்கோபின் நிருபம் ஒரு சபைக் கூட்டத்தையே காட்டுகிறது: பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவருக்குக் கால்மாட்டில் இடம். கொரிந்துச் சபையில் பணக்காரர் முந்தி வந்து சாப்பிட்டு முடித்துவிட, வேலை முடித்துத் தாமதமாக வரும் ஏழைகள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். மந்திரம் பிசகியதாகவோ மனம் ஒன்றாததாகவோ அவர் குறை சொல்லவில்லை. பந்தியில் இடம் பிரிந்தது, நேரம் பிரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இனி நம் மரபுகள். முத்துக்குளித்துறைப் பரதவரிடம் 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் காலத்துப் போர்த்துக்கீசியப் பாணி ஒரு பள்ளி. மனப்பாடமான ஜெபம், மணியோசை, மாதா திருவிழா, தேர் என்று கடற்கரையில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தொடங்கியது வேறு பள்ளி. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் ஊர் வழக்கமே, விக்கிரக வழிபாடல்ல என்று வாதாடினார். போப் பதினைந்தாம் கிரகோரி 1623இல் அதை ஏற்றுக்கொண்டார். மெய்வழிபாட்டுக்கு ஐரோப்பிய உடை தேவையில்லை என்று நிறுவிய அந்த வாதத்துக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். ஆனால் ஊர் வழக்கம் என்ற அதே வாசல் வழியாகச் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்தது. மேற்சாதியாருக்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வகையானார்கள். புதுச்சேரி வந்த போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணையைப் படித்தால் வியப்பாக இருக்கும். திருநீறு, தாலியில் பொறித்த உருவம், கோயிலில் வாசிக்கும் மேளக்காரர் என்று ஒரு பட்டியல். அதே ஆணையில், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் நுழைந்து அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை. அலங்கரிக்கும் வடிவமும் பிரிக்கும் வடிவமும் ஒரே தாளில், ஒரே குரலில். இந்த வழக்கு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையோடு முடிந்தபோது, பறையர் வீட்டுக்குப் போவதற்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்ற சமரசம் ஏற்கப்பட்டது. திருநீற்றுக்குக் காட்டிய கண்டிப்பை வாசற்படிக்குக் காட்ட முடியவில்லை.

இதே குழப்பம்தான், இரண்டு வகை வடிவங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான், பின்னால் வந்த சீர்திருத்த சபைகளையும் ஆட்டிவைத்தது. சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். பழக்கத்தால் கோயிலுக்குப் போகும் ஜெர்மன் கிறிஸ்தவனைவிட மனம் உடைந்து அழும் ஒரு கூலிக்காரர் மேல் என்று நம்பியவர்கள். வெற்றுச் சடங்கு என்ற குற்றச்சாட்டைப் புராட்டஸ்டண்டு தமிழுக்குக் கற்றுக்கொடுத்தது இவர்கள் பள்ளிதான். அவர்களுடைய ஆலயத்திலேயே சாதிக்காரர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் இன்னொரு பக்கம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு ஐயரானார், அவர் வேளாளர். அடுத்த பட்டத்துக்கு உழைப்பிலும் வைராக்கியத்திலும் முன்னால் நின்றவர் இராஜநாயக்கன் என்ற உபதேசியார், பழைய போர்வீரர், பறையர் குலத்தவர். அவர் கையால் சாதிக்காரர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற அச்சத்தால் 1741இல் பட்டம் தியாகு என்பவருக்குப் போயிற்று. உள்ளத்தையே உரைகல்லாக வைத்த பள்ளி, உள்ளத்தில் யாரும் குறை காணாத மனிதரைக் கை காரணமாகத் தள்ளிவைத்தது.

இந்த வரலாற்றின் நடுமையம் தஞ்சாவூர். அங்கே கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்துவந்தவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். பின்னாளில் அரசரான சரபோஜியோடு பழகி வளர்ந்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’யும் ‘ஜெபமாலை’யும் தந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் மாலை ஜெபத்துக்குப் பாடும் கீர்த்தனை மரபின் தலைமகன் அவர்தான், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்ற வேறுபாடில்லாமல் இந்த மலரை வாசிப்போர் எல்லாருடைய காதிலும் அவர் மெட்டு ஒன்றாவது இருக்கும். அவருடைய பக்தியை ஐயுறுகிறவர் பாட்டே கேளாதவராக இருக்க வேண்டும். 1820களில் சுவார்ட்ஸின் தலைமுறை மறைந்து ஹாப்ரோ போன்ற புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார்கள், கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்கினார்கள், பண்டிகைக்கு ஆலயத்தில் பூ வைப்பதைத் தடுத்தார்கள், திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொன்னார்கள். இந்த நான்கும் நான்கு கொடுமைகள் என்று சாஸ்திரியார் எழுதினார். அந்த எழுத்தில் நான்கும் ஒரே எடை.

இன்று எட்டி நின்று பார்க்கிற நமக்கு அந்த நான்கையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. கீர்த்தனை விஷயத்தில் சாஸ்திரியார் சொன்னதே சரி. மெட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தால் ஆராதனை, தஞ்சையிலிருந்து வந்தால் கூத்து என்ற நினைப்பு, தன் சடங்கை மட்டும் சடங்கு என்று அறியாதவருடையது. வரலாறும் சாஸ்திரியார் பக்கமே தீர்ப்புச் சொன்னது: 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. பூ விஷயத்திலும் அவர் சரி. செவ்வந்தி மாலையால் விசுவாசம் கெட்டதாகச் சரித்திரம் இல்லை. பழைய வேதாகமத்தின் மேல் அவருக்கிருந்த பாசத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஜெபத்தில் ஊறிய வாக்கியத்தை ஒரே நாளில் மாற்றினால் யாருக்கும் வலிக்கும். நான்காவதில் மட்டும் அவர் தவறு, புதிய மிஷனரிகள் சரி. விந்தை என்னவென்றால் மிஷனரிகளுக்கும் இந்த நான்கும் ஒரே எடைதான். பூவையும் சாதிக்கொரு பாய் என்ற பிரிவினையையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கினார்கள். அவர்கள் பூவைத் தொடாமல் பாயை மட்டும் சுருட்டியிருந்தால் தஞ்சைச் சபையின் கதை வேறாகியிருக்கலாம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார்: உட்காருமிடத்திலும் திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருந்திரளான மக்கள் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்டார்கள்.

வராமல் நின்றவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. இன்றும் வேறு வேறு உருவில் அது நம்மிடையே உலவுகிறது. ஒரே கூரை, ஒரே வேதம், ஒரே பாத்திரம். உட்காரும் பாய் மட்டும் வேறு. இது உலக மரியாதை, இதற்கும் ஆன்மாவுக்கும் தொடர்பில்லை. ஐரோப்பியருக்குள்ளும் பிரபுவுக்கும் பணியாளனுக்கும் இருக்கை வேறுதானே? கடைசிக் கேள்வி நியாயமானதே. இங்கிலாந்து ஆலயங்களில் குடும்பத்துக்கென்று வாடகை கொடுத்து வைத்திருந்த பெட்டி இருக்கைகள் அக்காலத்தில் சர்வசாதாரணம். வில்சன் அங்கிருந்துதான் வந்தார். ஆனால் அவர்களும் செய்தார்கள் என்பதால் குற்றம் இரண்டாகிறதே தவிர, எதுவும் சரியாகிவிடுவதில்லை. யாக்கோபு கண்டித்ததும் சொல்லிவைத்தாற்போல் இருக்கை மரியாதையைத்தான். ஆன்மாவுக்குத் தொடர்பில்லாத உலக விஷயம் என்று அவர் அதை ஒதுக்கவில்லை. பாய்தானே என்று சொன்னவர்கள் அந்தப் பாய்க்காகச் சபையையே விட்டு விலகினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. விட்டுக்கொடுக்கலாம் என்றால் அது வெறும் வழக்கம். விட்டுக்கொடுக்கவே முடியாது, ஆராதனையை வேண்டுமானால் விடலாம் என்றால் அங்கே உண்மையான வழிபாடு எதற்கு நடக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் இந்த வாதம் கல்லாகவே எழுந்து நின்றது. 1870களில் அங்கே கட்டிய ஆலயம் பீடத்தில் சேர்ந்து கீழே கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்தது, நடுவில் தடுப்பு; இரு பக்கத்தாரும் ஒரே குருவைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. தடுப்பு இடிபட 1910 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அங்கே நடந்த பூசைகளில் எத்தனை பேர் கண்ணீரோடு நன்மை வாங்கியிருப்பார்கள். அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது தடுப்புச் சுவரைத் தாண்டவில்லை என்று மட்டும் சொல்வேன்.

எழுப்புதல் பள்ளியையும் அதன் வாரிசுகளையும் இதே அளவுகோலால் பார்த்தால் எதிர்பாராத மதிப்பெண் கிடைக்கிறது. 1860இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், பாவத்தை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள். வெளிநாட்டுச் சம்பளம் இல்லாமல் இந்தியர் தாமே ஊழியம் செய்தார்கள். 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அச்சிட்ட ஆராதனை முறையைக் கைவிட்டது. பழைய சபைக்காரர்கள் இவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று சிரித்தார்கள். இவர்கள் பழைய சபையைச் செத்த சபை என்றார்கள். உண்மையில் இவர்களிடமும் முறை உண்டு: எப்போது கை தட்டுவது, எப்போது சாட்சி, எப்போது அந்நியபாஷை, எப்போது அல்லேலூயா என்பது இரண்டு வாரம் போய் உட்கார்ந்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முறைக்குள் வேறு சில பழக்கங்கள் உண்டு: எல்லாரும் தரையில் பாயில் உட்காருவது, ஊழியர் எல்லாரும் வெள்ளை உடுத்துவது, விசுவாசிகள் நகையைக் கழற்றுவது. அறுபது பவுனோடு ஒருத்தியும் வெறுங்கழுத்தோடு ஒருத்தியும் அடுத்தடுத்து உட்காரும் நிலை அங்கே வருவதில்லை. தங்களைச் சடங்குக்கு எதிரிகள் என்று நினைத்துக்கொண்டவர்கள், யாக்கோபுக்குப் பிடித்த சடங்கு ஒன்றை ஏற்படுத்திவிட்டார்கள். பிரசங்கத்தின் அனலைவிட அந்தப் பாய்க்கு மதிப்பெண் அதிகம் என்பது என் கணிப்பு. பிற்காலத்தில் காணிக்கையின் அளவுக்கு ஆசீர்வாதம் என்று போதித்த பெருங்கூட்ட மேடைகளில் முன்வரிசை நாற்காலிகள் வந்தது தனிக்கதை.

வடிவமே உள்ளத்துக்கு ஆசிரியனாகலாம் என்பதற்கு நம்மிடமுள்ள நல்ல சான்று தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) வழிபாட்டு முறை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றான பிறகு, 1950இல் வந்த திருவிருந்து ஒழுங்கு உலகின் பல சபைகள் கவனித்துப் பின்பற்றிய ஒன்று. அதில் சமாதானம் பரிமாறும் இடம் உண்டு. ஆயர் கொடுக்க, ஒருவர் குவித்த கையை அடுத்தவர் தம் இரு கைக்குள் வாங்கி, அவர் அடுத்தவருக்கு என்று பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை அது போகும். சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் ஒன்றிலிருந்து எடுத்தது. எடின்பரோவில் இது அழகான சைகை. தொட்டால் தீட்டு என்று கிணறும் தெருவும் பிரிந்து கிடந்த தமிழ்நாட்டில் இது அதைவிடப் பெரியது. பக்கத்திலிருப்பவர் யார் என்று பார்த்துக் கையை நீட்ட அங்கே நேரம் கிடையாது. முறை வந்ததும் தொட்டாக வேண்டும். மனம் மாறிய பிறகு தொடலாம் என்று காத்திருந்தால் இன்னும் நூறு ஆண்டு ஆகியிருக்கும். கை முதலில் போனது, மனம் பின்னால் வந்தது. சிலருக்கு வரவேயில்லை, ஆனாலும் கை போனது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டு, பூசை தாய்மொழிக்கு வந்தபோது கத்தோலிக்க ஆலயங்களிலும் சமாதானம் பகிர்தல் மக்களிடம் திரும்பியது. மனப்பாடமாகச் செய்வதெல்லாம் வெற்று என்போர் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு இன்னும் ஓரடி போனார். 2005இல் மறைந்த அவர் நாட்டுப்புற மெட்டில் கிராமிய வழிபாட்டை அமைத்தார். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஆலயத்துக்கு வெளியே நிறுத்திய பறையை உள்ளே கொண்டுவந்தார். தஞ்சைச் சாஸ்திரியாரின் கீர்த்தனை கர்நாடக இசையில் பிறந்தது. அது உயர்ந்தோர் மரபாக உறைந்துபோனபோது, ஊர்ப்புறத் தலித் கிறிஸ்தவருக்கு அதுவே இன்னொரு தடுப்பாயிற்று என்பதை அப்பாவு கண்டார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை அவர் திருவிருந்தின் பொருளாகவே கற்பித்தார். ஒரு காலத்தில் வாசல் திறந்த வடிவம் இன்னொரு காலத்தில் வாசலை மூடக்கூடும் என்ற இந்தப் பாடம், எந்த வடிவத்தையும் நிரந்தரமாகப் போற்றுவோருக்கும் நிரந்தரமாகத் தூற்றுவோருக்கும் சேர்த்தே சொன்னது.

இங்கே மறுப்பு ஒன்று எழும், எழ வேண்டும். வழிபாடு கடவுளை நோக்கியது. அதைப் பந்தி வரிசைக்கும் இருக்கைக்கும் குறுக்கிவிட்டால் ஆலயத்துக்கும் சமூகநலச் சங்கத்துக்கும் என்ன வேறுபாடு? நான் வழிபாடு எதற்காக என்று சொல்ல வரவில்லை. அது மெய்யா வெற்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல வருகிறேன். வழிபாட்டின் இலக்கு கடவுளே. ஆனால் கடவுளுக்கு முன் என் உள்ளம் எப்படி இருக்கிறது என்பது எனக்கே சரியாகத் தெரியாது, அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? பிறர் உள்ளத்தை நியாயந்தீர்க்காதே என்ற கட்டளையும் இருக்கிறது. காணக்கூடியதை வைத்து அளந்தால் அந்தக் கட்டளையையும் மீறாமல் இருக்கலாம்: வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலிட்டு நகரும் தாயின் பக்தி எத்தரம் என்று நான் கேட்க வேண்டியதில்லை; என் ஊர்த் தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது என்று கேட்கலாம். எறையூர்க் கத்தோலிக்கரிடையே 2008இல் சாதி வழக்கு வெடித்ததும் தனிப் பங்கு, சவ ஊர்வலப் பாதை போன்றவற்றில்தான். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக் குறுக்குச் சுவரும் இதே வகை. செத்தவர்களுக்கு உள்ளம் உருகுமா உருகாதா என்ற கேள்வியே இல்லை. சுவர் மட்டும் இருந்தது. பலி செலுத்த வந்தவன் சகோதரன் மனக்குறையோடு இருப்பதை நினைத்தால் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற இயேசுவின் போதனையும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. காணிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை.

தில்லிக்கு வருவோம். சாதிப் பாய், தடுப்புச் சுவர் எல்லாம் ஊரோடு போயிற்று, தலைநகர்த் தமிழ்ச் சபைக்கு இது பொருந்தாது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கிட்வாய் நகரிலும் லட்சுமிபாய் நகரிலும் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தலைமுறை, பிரிந்து உட்காரும் அளவுக்கு எண்ணிக்கையே இல்லாமல் ஒன்றாக உட்காரக் கற்றுக்கொண்டது என்பது ஓரளவு உண்மை. திருமணப் பேச்சு எழும்போது ஊரும் உட்பிரிவும் விசாரிக்கப்படுவதும் உண்மை. ஆனால் இந்த நகரத்துக்கென்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. தில்லி வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளை வளர்க்கும் பெண்களில் மிகப் பலர் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பழங்குடிகள். உராவ், முண்டா, கடியா மக்கள். அவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர். ஞாயிறு காலை நாம் தமிழ்ப் பூசைக்கோ ஆங்கில ஆராதனைக்கோ போய்த் திரும்புவதற்குள் இட்லியும் மீன் குழம்பும் தயாராக இருக்க வேண்டுமானால், அதே நேரத்தில் நடக்கும் இந்திப் பூசைக்கு அந்தப் பெண் போக முடியாது. ஓய்வுநாள் கட்டளையை எழுதியவர் இதை முன்பே பார்த்துவிட்டார். நீ ஓய்ந்திரு என்பதோடு அந்தக் கட்டளை நிற்கவில்லை; உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. உபாகமம் காரணமும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன். ஞாயிறு விடுப்புச் சமூகநலத் திட்டம் என்று சொல்வோர், பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் கட்டளையை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மீன் சந்துக்கும் இதே கணக்கைப் போடலாம். மீனைக் கைவிட்டு வெள்ளிக்கிழமை பருப்பு ரசம் வையுங்கள் என்று சொல்லப் போவதில்லை. திருச்சபையே 1966இல் ஆறாம் பவுல் ஆணையின் மூலம், புலால் ஒறுத்தலுக்குப் பதிலாகப் பிறரன்புச் செயலையும் ஒறுத்தலாக வரையறுக்க ஆயர் மன்றங்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. பழைய ஒருசந்தி நோன்பில் மிச்சமான அரிசி எங்கே போயிற்று என்பதும் நோன்பின் பாகமாகவே இருந்தது. பிடியரிசிக் காணிக்கை அந்தப் பழக்கத்தோடு ஒட்டிய ஒன்று. கோழிக்கும் வஞ்சிரத்துக்கும் உள்ள விலை வேறுபாடு இப்போது மேல்நோக்கிப் போகிறது. அது கீழ்நோக்கித் திரும்பி, மிச்சம் வேறொருவர் கைக்குப் போனால், அதே சட்டம், அதே வெள்ளிக்கிழமை, ஏசாயா கேட்ட உபவாசம்.

கடைசியாக நம்மிடமே இருக்கும் சடங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை எந்த மிஷனரியும் கொண்டுவரவில்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரிச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் புனிதர் திருவிழாவுக்கும் அசனம் போடுவார்கள். ஊரார் கொடுத்த அரிசி, ஊரார் கொடுத்த ஆடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. வந்தவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வீட்டுக்கும் வாளியில் வாங்கிப் போவார்கள். இறையியல் நூல்களில் இதற்கு இடம் குறைவு. ஐயர்மாருக்கு இது வழிபாட்டுக்குப் பின் வரும் சாப்பாடு. கொரிந்துக்கு எழுதியவர் இதையே வழிபாடு என்று எடுத்துக்கொண்டிருப்பார், அதனால் கேள்வியும் கடுமையாகக் கேட்டிருப்பார்: முதல் பந்தி யாருக்கு, நாற்காலி மேசை போட்ட பந்தல் யாருக்கு, வாளியோடு வேலிக்கு வெளியே நிற்பவர் யார்? தில்லிச் சபைகளில் இப்போது அசனத்தைச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். பரிமாறுபவரும் எச்சில் தட்டு எடுப்பவரும் கூலிக்கு வந்தவர்கள். கடைசிப் பந்தி முடிந்து டெம்போவில் அண்டா ஏற்றும்போதுதான் அவர்களுக்குச் சோறு, பெரும்பாலும் நின்றபடி. கொரிந்துச் சபைக்குப் பவுல் பந்தியை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருக்கத்தான் சொன்னார். பண்டிகைக் கமிட்டி அடுத்த கூட்டத்தில் பட்ஜெட் போடும்போது, எத்தனை கிலோ சீரகச்சம்பா என்பதோடு, தட்டு எடுக்க வந்தவர்கள் எந்தப் பந்தியில் உட்காருவார்கள் என்பதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைக்கலாம்.